கால்தான் பிரேக்: ஃபிக்ஸட் கியர் சைக்கிளின் கதை

குழந்தைகள் ஓட்டும் மூன்று சக்கர சைக்கிளைக் கவனித்திருக்கிறீர்களா? பெடல் முன்சக்கரத்தோடு நேராக இணைந்திருக்கும். சக்கரம் சுற்றினால் பெடலும் சுற்றும். பின்பக்கமாக மிதித்தால் வண்டி பின்னால் போகும். அண்ணனோ அக்காவோ பின்னாலிருந்து வேகமாகத் தள்ளிவிட்டால் பெடல் தாறுமாறாகச் சுழலும். குழந்தை பயந்துபோய் இரண்டு காலையும் விரித்துத் தூக்கிக்கொள்ளும். அந்த வண்டியில் பிரேக் கிடையாது. நிறுத்த வேண்டும் என்றால் காலால்தான் நிறுத்த வேண்டும்.

பெரிய சைக்கிளுக்கு மாறியதும் இதெல்லாம் மறந்துபோகும். மிதிப்பதை நிறுத்தினாலும் வண்டி பாட்டுக்கு ஓடும். பின்சக்கரத்திலிருந்து 'டிக் டிக் டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் ஃப்ரீவீலுடையது. பெடல் சக்கரத்தைச் சுற்றலாம், ஆனால் சக்கரம் பெடலைச் சுற்ற முடியாது. அதுதான் ஃப்ரீவீல் செய்யும் வேலை.

அந்த ஃப்ரீவீலைக் கழற்றிவிட்டு, அதன் இடத்தில் ஒரு சாதாரணப் பல்சக்கரத்தை அசையாமல் பூட்டினால் கிடைப்பதுதான் ஃபிக்ஸட் கியர் சைக்கிள். செல்லமாக 'ஃபிக்ஸி'. வண்டி ஓடும்வரை கால் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். 2000களில் நியூயார்க், சான் பிரான்சிஸ்கோ, லண்டன், பெர்லின், டோக்கியோ போன்ற நகரங்களில் இளைஞர்களை இது ஒரு பைத்தியம் போலப் பிடித்தது. கியர் இல்லை. ஃப்ரீவீல் இல்லை. பலருடைய வண்டியில் பிரேக்கும் இல்லை. பாகங்கள் குறையக் குறைய வண்டி அழகாகிறது என்று நம்பினார்கள்.

இதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. ஒரு இயந்திரத்திலிருந்து ஒரு பாகத்தை எடுத்துவிட்டால் அதன் விலை மிச்சம், எடை மிச்சம், பழுது பார்க்கும் வேலையும் மிச்சம். ஆனால் அந்தப் பாகம் அதுவரை செய்துகொண்டிருந்த வேலை என்ன ஆகும்? அது காணாமல் போகாது. யாராவது ஒருவர் அதைச் செய்தாக வேண்டும். யார் செய்வது என்பதுதான் ஃபிக்ஸட் கியர் சைக்கிளின் மொத்த வரலாறும்.

எல்லா சைக்கிளும் ஃபிக்ஸியாக இருந்த காலம்

1860களில் பாரிஸில் பியேர் மிஷோ என்பவரின் பட்டறை, முன்சக்கரத்தில் பெடல் பூட்டிய இரண்டு சக்கர வண்டிகளைச் செய்து விற்றது. மரச் சக்கரம், அதைச் சுற்றி இரும்புப் பட்டை. கற்கள் பதித்த தெருவில் ஓட்டினால் உடம்பே ஆடிப்போகும். ஆங்கிலேயர்கள் அதற்கு 'எலும்பு உலுக்கி' என்றே பெயர் வைத்தார்கள். பெடல் நேராகச் சக்கரத்தில் இருந்ததால் பிறக்கும்போதே அது ஃபிக்ஸட்.

பெடலை ஒரு முறை சுற்றினால் சக்கரமும் ஒரு முறைதான் சுற்றும். அப்படியானால் வேகமாகப் போக என்ன வழி? சக்கரத்தைப் பெரிதாக்குவதுதான். 1870களில் இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரத்தில் ஜேம்ஸ் ஸ்டார்லி போன்றவர்கள் அதைத்தான் செய்தார்கள். முன்சக்கரம் வளர்ந்துகொண்டே போய் சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்தைத் தொட்டது. பின்சக்கரம் சின்னதாகச் சுருங்கியது. பழைய படங்களில் பார்க்கும் அந்த விசித்திரமான வண்டி இதுதான்.

இதில் ஒரு சுவாரஸ்யம் உண்டு. காலின் நீளம் எவ்வளவோ, அதற்குத் தகுந்த அளவுச் சக்கரத்தைத்தான் ஒருவர் ஓட்ட முடியும். சட்டைக்கு அளவெடுப்பது போலக் காலை அளந்து வண்டி வாங்கினார்கள். ஆளுக்கேற்ற சைக்கிள் என்ற எண்ணம் அப்போதே வந்துவிட்டது. இன்றும் பல நாடுகளில் சைக்கிள் கியரை 'அங்குலம்' என்ற கணக்கில் சொல்கிறார்கள். '75 அங்குல கியர்' என்றால், 75 அங்குல விட்டமுள்ள பழைய பெரிய சக்கரத்தை ஓட்டுவதற்குச் சமம் என்று அர்த்தம்!

இறக்கத்தில்தான் சிக்கல். வேகம் கூடக்கூட பெடலும் கண்மண் தெரியாமல் சுற்றும். அனுபவசாலிகள் காலைத் தூக்கி ஹேண்டில்பாருக்கு மேலே போட்டுக்கொண்டு இறங்குவார்கள். முன் டயரை அழுத்தும் ஒரு பிரேக் சில வண்டிகளில் இருந்தது. அதைப் பலமாகப் பிடித்தால் வண்டி நிற்கும், ஓட்டியவர் நிற்க மாட்டார். தலைகுப்புற முன்னால் போய் விழுவார்.

1885ல் ஜேம்ஸ் ஸ்டார்லியின் சகோதரர் மகன் ஜான் கெம்ப் ஸ்டார்லி 'ரோவர்' என்ற வண்டியைக் கொண்டுவந்தார். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு சக்கரங்கள், நடுவில் பெடல், செயின் வழியாகப் பின்சக்கரம். பல்சக்கரங்களின் அளவை மாற்றினாலே வேகத்தை மாற்றிக்கொள்ளலாம், ராட்சதச் சக்கரம் தேவையில்லை. 1888ல் பெல்ஃபாஸ்டில் ஜான் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கினார். இன்றைய சைக்கிள் கிட்டத்தட்ட தயார்.

ஆனால் ரோவரும் ஃபிக்ஸட்தான். இறக்கம் வந்தால் காலை வைத்துக்கொள்ள முன் ஃபோர்க்கில் இரண்டு கட்டைகளைப் பொருத்திக் கொடுத்தார்கள். பெடல் தனியாகச் சுற்றிக்கொண்டிருக்கும், ஓட்டுபவர் காலைக் கட்டையில் வைத்துக்கொண்டு போவார்.

ஃப்ரீவீல் வந்தது

காலுக்கு ஓய்வு கொடுக்கும் யோசனை புதிதல்ல. அமெரிக்காவைச் சேர்ந்த வில்லியம் வான் ஆன்டன் 1869லேயே சைக்கிளுக்கான ஃப்ரீவீல் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். ஆனால் அது சந்தையைப் பிடிக்க ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆனது.

ஏன் இத்தனை தாமதம்? ஃபிக்ஸட் வண்டியில் கால்தான் முக்கியமான பிரேக். பெடல் முன்னால் போகவிடாமல் காலால் எதிர்த்து அழுத்தினால் வண்டி மெதுவாகும். ஃப்ரீவீல் வைத்த அந்த நிமிடமே இந்த வசதி போய்விடும். அப்போது நம்பிக்கையான பிரேக் ஒன்று கட்டாயம் வேண்டும். நல்ல பிரேக் இல்லாத காலத்தில் ஃப்ரீவீல் ஒரு ஆபத்து.

1890களின் இறுதியில் பிரேக்குகள் மேம்பட்டன, ஃப்ரீவீலும் அவற்றோடு சேர்ந்து பரவியது. ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரில் எர்ன்ஸ்ட் ஸாக்ஸ் 1903ல் கொண்டுவந்த 'டொர்பீடோ' ஹப் இரண்டையும் ஒரே டப்பாவுக்குள் அடக்கியது. மிதித்தால் ஓடும், மிதிக்காவிட்டால் சும்மா உருளும், பின்பக்கம் மிதித்தால் பிரேக் பிடிக்கும். பல பத்தாண்டுகள் அது ஐரோப்பாவில் சக்கைப்போடு போட்டது.

ஃப்ரீவீல் சைக்கிளை எல்லோருக்கும் உரியதாக்கியது. நம் ஊர்க் குழந்தைகள் பெரியவர்கள் சைக்கிளில் குறுக்குக் கம்பிக்கு அடியில் காலை விட்டுக் குரங்கு பெடல் போட்டுக் கற்றுக்கொண்டது நினைவிருக்கிறதா? முழுச் சுற்றுக்குக் கால் எட்டாத குழந்தை பாதிச் சுற்று மிதித்து, திரும்பப் பின்னால் கொண்டுவந்து, மறுபடி பாதி மிதிக்கும். அந்த அரைப் பெடல் சாத்தியமானதே ஃப்ரீவீலால்தான். ஃபிக்ஸட் வண்டியில் பெடல் யாருக்காகவும் பாதியில் திரும்பி வராது.

ஆக, 1900க்குப் பிறகு காலின் வேலை இரண்டாகப் பிரிந்தது. ஓட்டுவது கால், நிறுத்துவது கை. சாலையிலிருந்து ஃபிக்ஸட் கியர் மெல்ல மறைந்தது.

மைதானத்தில் மட்டும்

ஓர் இடத்தில் மட்டும் அது மறையவே இல்லை. சைக்கிள் பந்தய மைதானம்.

வெலோட்ரோம் எனப்படும் இந்த மைதானத்தில் தடம் நீள்வட்டமாக இருக்கும். வளைவுகள் சுவர் போலச் சாய்ந்திருக்கும். 250 மீட்டர் உள்ளரங்கத் தடங்களில் சாய்வு 40 டிகிரிக்கும் மேலே போகும். இங்கே ஓடும் வண்டிகளுக்குப் பிரேக் வைப்பதே இல்லை. கேட்கப் பைத்தியக்காரத்தனமாக இருக்கும். யோசித்தால் நியாயம் புரியும். எல்லோரும் ஒரே திசையில், ஒருவர் சக்கரத்தை ஒட்டி இன்னொருவர் பறக்கும் இடத்தில், முன்னால் போகிறவர் திடீரென்று பிரேக் பிடித்தால் பின்னால் வருபவர்கள் அத்தனை பேரும் அவர் மேல் விழுவார்கள். யாராலும் சட்டென்று நிற்க முடியாது என்பதுதான் அங்கே பாதுகாப்பு. குறுக்கே யாரும் வர மாட்டார்கள். சிக்னல் கிடையாது. மாடு கிடையாது.

இந்த மைதானங்கள் ஒரு காலத்தில் பெரும் கூட்டத்தை இழுத்தன. 1899ல் மான்ட்ரியலில் நடந்த உலகப் போட்டியில் மார்ஷல் 'மேஜர்' டெய்லர் என்ற கறுப்பின அமெரிக்க வீரர் ஸ்பிரின்ட் பட்டத்தை வென்றார். இனவெறி உச்சத்தில் இருந்த காலம் அது. நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஆறு நாள் பந்தயங்கள் நடந்தன. இரவும் பகலும் தூங்காமல் ஓட்டிய வீரர்களின் நிலையைப் பார்த்து, ஒருவர் ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது என்று சட்டம் வந்தது. அமைப்பாளர்கள் சும்மா இருப்பார்களா? இரண்டு பேரை ஒரு அணியாக்கி, மாற்றி மாற்றி ஓட விட்டார்கள். இன்று ஒலிம்பிக்கில் இருக்கும் 'மேடிசன்' போட்டியின் பெயர் அப்படி வந்ததுதான்.

ஒரு மணி நேரத்தில் தனியாளாக எவ்வளவு தூரம் ஓட்ட முடியும் என்ற சாதனையும் ஃபிக்ஸட் வண்டியில்தான் நடக்கிறது. 1893ல் பாரிஸில் ஆன்றி தெக்ராஞ்ச் 35.325 கிலோமீட்டர் ஓட்டினார். பின்னாளில் டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கியவரும் இவரேதான். 1972ல் மெக்சிகோ சிட்டியில் எடி மெர்க்ஸ் 49.431 கிலோமீட்டர். 2022ல் ஸ்விட்சர்லாந்தின் கிரென்ஹன் நகரில் ஃபிலிப்போ கன்னா 56.792 கிலோமீட்டர். மூவருமே அந்த ஒரு மணி நேரத்தில் ஒரு நொடிகூடக் காலை நிறுத்தியிருக்க முடியாது.

பந்தயம் கட்டிய பணத்தில் பிறந்த தரம்

இரண்டாம் உலகப் போரில் நொறுங்கிப்போன ஜப்பான், வருமானத்துக்கு வழி தேடிக்கொண்டிருந்தது. 1948ல் ஒரு சட்டம் போட்டு, சைக்கிள் பந்தயத்தில் மக்கள் பணம் கட்ட அனுமதித்தார்கள். லாபம் உள்ளாட்சிகளுக்குப் போகும். அதே ஆண்டில் கோகுரா நகரில் முதல் 'கெய்ரின்' போட்டி நடந்தது.

மக்கள் பணம் கட்டுகிறார்கள் என்றால் யாரும் ஏமாற்றக்கூடாது. போட்டி நாட்களில் வீரர்களை வெளியுலகத் தொடர்பே இல்லாமல் தனியாகத் தங்க வைப்பார்கள், கைபேசியைக்கூட வாங்கி வைத்துவிடுவார்கள். வண்டிக்கும் இதே கண்டிப்பு. ஒருவருடைய வண்டி மற்றவருடையதைவிட உசத்தியாக இருக்கக்கூடாது, பாதியில் உடையவும் கூடாது. எனவே ஃபிரேம் முதல் சின்னச் சின்ன பாகங்கள் வரை சோதித்து 'என்.ஜே.எஸ்.' என்ற முத்திரை குத்தினார்கள். ஆண்கள் கெய்ரினில் மெல்லிய இரும்புக் குழாய் ஃபிரேம்தான் வழக்கம்.

இந்தக் கண்டிப்பு ஒரு கைத்தொழிலையே காப்பாற்றியது. மற்ற நாடுகளில் அலுமினியமும் கார்பனும் வந்து பழைய பட்டறைகளை விழுங்கியபோது, ஜப்பானில் ஒவ்வொரு வீரருக்கும் அளவெடுத்து ஃபிரேம் கட்டும் கைவினைஞர்கள் பிழைத்திருந்தார்கள். இத்தாலியில் தொழில் கற்றுத் திரும்பிய யோஷியாகி நாகசாவா அவர்களில் ஒருவர். 1977 முதல் 1986 வரை தொடர்ந்து பத்து முறை உலக ஸ்பிரின்ட் பட்டம் வென்ற கொய்ச்சி நகானோவுக்கு வண்டி கட்டிக் கொடுத்தவர். கெய்ரின் 2000ல் சிட்னி ஒலிம்பிக்கிலும் நுழைந்தது.

வீரர்கள் பயன்படுத்திக் கழித்த இந்த ஃபிரேம்கள்தான் பிற்பாடு கடல் கடந்து போய், அமெரிக்க இளைஞர்கள் தேடித் தேடி வாங்கும் பொருளாயின. அவர்களுக்கு ஃபிக்ஸட் கியர் ஆசையை ஊட்டியவர்கள் யார்? அதற்கு நியூயார்க் போக வேண்டும்.

தபால்காரப் பந்தயம்

ஃபேக்ஸும் மின்னஞ்சலும் எல்லா அலுவலகங்களையும் பிடிப்பதற்கு முன்னால், மன்ஹாட்டனில் ஒப்பந்தப் பத்திரமோ விளம்பரப் படமோ ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குப் போக சைக்கிள் தூதர்களை நம்பியிருந்தார்கள். இவர்களில் பெரும்பாலோருக்கு மாதச் சம்பளம் கிடையாது. கொண்டு சேர்க்கும் ஒவ்வொரு உறைக்கும் கூலி. எவ்வளவு வேகமோ அவ்வளவு காசு. வண்டி பழுதானால் சொந்தச் செலவு, வண்டி நிற்கும் நாளில் வருமானமும் நிற்கும்.

இப்படிப்பட்ட தொழிலாளிக்கு ஃபிக்ஸட் கியர் லாபக் கணக்காக இருந்தது. கியர் வயர் அறுவது கிடையாது. மழையிலும் பனிக்காலத்து உப்பிலும் துருப்பிடிக்கப் பாகங்கள் குறைவு. நெரிசலில் அங்குலம் அங்குலமாக வேகத்தைக் காலாலேயே கட்டுப்படுத்தலாம். சிக்னலில் காலைத் தரையில் ஊன்றாமலே வண்டியை நின்ற இடத்தில் நிறுத்தி வைக்கலாம். இந்த வழக்கத்தை நியூயார்க்கில் தொடங்கியவர்கள் கரீபியன் தீவுகளிலிருந்து குடியேறிய தூதர்கள் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அந்தத் தீவுகளில் மைதானப் பந்தயம் நன்றாக வேரூன்றியிருந்தது.

தெருவுக்கும் மைதானத்துக்கும் பாலமாக ஒருவர் இருந்தார். ஹார்லெமில் வளர்ந்து, நியூயார்க் தெருக்களில் தூதராக ஓட்டிய நெல்சன் வெய்ல்ஸ். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஸ்பிரின்ட் போட்டியில் வெள்ளி வென்றார். 1986ல் தூதர்களைப் பற்றி வந்த 'குயிக்சில்வர்' படத்திலும் தலை காட்டினார்.

நகரத்துக்கு ஆனால் இவர்கள் மேல் கோபம்தான். 1987ல் மேயர் எட் காச், வார நாட்களில் காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை ஃபிஃப்த், பார்க், மேடிசன் ஆகிய மூன்று அவென்யூக்களின் நடுப்பகுதியில் சைக்கிளுக்கே தடை அறிவித்தார். நடந்து போகிறவர்களுக்கு ஆபத்து என்பது காரணம். தூதர்கள் கூட்டம் கூட்டமாகத் தெருவில் மெதுவாக ஓட்டிப் போராடினார்கள். முறையாக அறிவிப்பு செய்யவில்லை என்று நீதிமன்றம் தடையைத் தள்ளுபடி செய்தது. தூதர்கள் ஜெயித்தார்கள். ஆனால் நடந்து போகிறவர்களின் பயம் அந்தத் தீர்ப்போடு தீர்ந்துவிடவில்லை.

பழைய ஃபிரேமில் புது வண்டி

தூதர் தொழில் சுருங்கத் தொடங்கிய காலத்தில்தான் அவர்களுடைய வண்டி நாகரிகமானது. 2000களில் கல்லூரி மாணவர்களும் வடிவமைப்பாளர்களும் ஃபிக்ஸட் வண்டியைத் தாங்களே கட்ட ஆரம்பித்தார்கள். அவர்களில் பலருக்கும் குரு, மாசசூசெட்ஸில் ஒரு சைக்கிள் கடையில் வேலை பார்த்த ஷெல்டன் பிரவுன். தனக்குத் தெரிந்த அத்தனையையும் இணையத்தில் இலவசமாக எழுதி வைத்தார். ஃபிக்ஸட் கியரை அவர் அளவுக்கு நேசித்தவர்கள் குறைவு. 2008 பிப்ரவரியில் அவர் இறந்த பிறகும் அந்தப் பக்கங்களை மெக்கானிக்குகள் புரட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

கட்டுவது எப்படி? முதலில் ஒரு ஃபிரேம் வேண்டும். 1970களிலும் 80களிலும் வந்த இரும்பு ரேஸ் சைக்கிள்கள் பழைய சாமான் விலைக்குக் கிடைத்தன. அவற்றில் பின்சக்கர அச்சு உட்காரும் பிளவு படுக்கை வாட்டில் இருக்கும். சக்கரத்தை முன்னும் பின்னும் நகர்த்தி செயினை இறுக்க அது அவசியம். கியர் மாற்றி இல்லாத வண்டியில் செயினை இறுக்கிப் பிடிக்க வேறு எதுவும் கிடையாது. பிளவு செங்குத்தாக இருக்கும் புது ஃபிரேம்கள் இதற்கு ஒத்துவராது.

அடுத்தது பின் ஹப். பல்சக்கரம் ஒரு மரையில் ஏறும். அதற்கு மேலே லாக் ரிங் என்ற வளையம் எதிர்த்திசை மரையில் ஏறும். காலால் எதிர்த்து அழுத்தும்போது பல்சக்கரம் கழல முயலும், அப்போது லாக் ரிங் இறுகிப் பிடித்துக்கொள்ளும். காசு மிச்சம் பிடிக்கச் சிலர் லாக் ரிங் இல்லாத சாதாரண ஹப்பில் பல்சக்கரத்தை ஏற்றி ஓட்டுவார்கள். அந்த ஹப்புக்கு அமெரிக்காவில் வைத்த பெயர் 'தற்கொலை ஹப்'. விளக்கம் தேவையில்லை.

கிராங்க் கொஞ்சம் குட்டையாக, 165 மில்லிமீட்டர் அளவில் இருப்பது நல்லது. வளைவில் சாயும்போதும் பெடல் சுற்றிக்கொண்டே இருப்பதால், நீளமாக இருந்தால் தரையில் இடிக்கும். பாதத்தைப் பெடலோடு பிடித்து வைக்க வார் வேண்டும். இல்லாவிட்டால் எதிர்த்து அழுத்த முடியாது, வேகத்தில் கால் நழுவினால் பெடலே முழங்காலைப் பதம் பார்க்கும். ஓடும் செயினுக்குள் விரல் போனால் சக்கரம் நிற்கும்வரை செயினும் நிற்காது என்பதால், துடைக்கும்போதும் கவனம் தேவை.

பிறகு பல் கணக்கு. முன்னால் 48 பல், பின்னால் 17 பல் என்றால் ஒரு மிதிக்குச் சுமார் 5.9 மீட்டர் போகும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்கு 84 சுற்று. நகரத்துக்குச் சரியான அளவு. பின்னால் 17க்குப் பதில் 16 போட்டால் என்ன என்று தோன்றும். வேகத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் டயரில் இருக்கிறது!

காலை இறுக்கிப் பின்சக்கரத்தைத் தேய்த்து நிறுத்துவார்கள் இல்லையா, அப்போது ஓட்டுபவரின் கால் எப்போதும் ஒரே நிலையில்தான் பூட்டும். 48ஐ 16ஆல் வகுத்தால் மீதியில்லாமல் 3 வருகிறது. பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரம் சரியாக மூன்று சுற்று. எனவே டயரின் அதே ஒரு இடம்தான் ஒவ்வொரு முறையும் தரையில் தேயும். 48க்கும் 17க்கும் பொது வகுஎண் இல்லாததால் தேய்மானம் 17 இடங்களுக்குப் பங்கிடப்படும். ஒரு பல் வித்தியாசத்தில் டயரின் ஆயுளே மாறிவிடுகிறது. பள்ளிக்கூடத்தில் பின்னங்களைச் சுருக்கியது இதற்காவது உதவியதே!

பார்த்துக்கொண்டிருந்த கம்பெனிகள் சும்மா இருக்கவில்லை. பியாங்கியின் 'பிஸ்டா', ஸ்பெஷலைஸ்டின் 'லாங்ஸ்டர்' என்று கட்டி முடித்த வண்டிகளே கடைக்கு வந்தன. 2008ல் புரூக்ளினில் பிரேக் இல்லாத வண்டிகளுக்காகவே 'ரெட் ஹூக் கிரிட்' என்ற தெருப் பந்தயம் தொடங்கியது. 2012ல் 'பிரீமியம் ரஷ்' என்ற ஹாலிவுட் படமே வந்தது. அதன் நாயகன் பிரேக்கில்லாத ஃபிக்ஸியில் மன்ஹாட்டனைக் கிழித்துக்கொண்டு போகும் ஒரு தூதன்.

காலைப் பிரேக் என்று சொல்லலாமா?

இந்தக் கேள்வி 2006ல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகர நீதிமன்றத்துக்கே வந்தது. பிரேக் இல்லாமல் ஓட்டியதற்காக ஒரு தூதருக்கு அபராதச் சீட்டு கொடுத்திருந்தார்கள். காய்ந்த சமதளத்தில் சக்கரத்தைச் சறுக்க வைக்கும் பிரேக் வேண்டும் என்பது ஓரிகன் மாநிலச் சட்டம். 'கால் அழுத்தினால் சக்கரம் சறுக்குகிறதே, அப்படியானால் இந்த அமைப்பே பிரேக்தானே' என்பது தூதர் தரப்பு வாதம். நீதிபதி ஒப்புக்கொள்ளவில்லை. தனியாக ஒரு பிரேக் வேண்டும் என்று தீர்ப்பானது.

2009ல் பெர்லின் போலீஸ் தெருவில் நிறுத்திச் சோதித்து, பிரேக்கில்லாத ஃபிக்ஸிகளைப் பறிமுதல் செய்தது. ஜெர்மானிய விதிப்படி ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு பிரேக்குகள் வேண்டும். கெய்ரின் பிறந்த ஜப்பானிலும், மைதானத்தைவிட்டுத் தெருவுக்கு வந்த பிரேக்கில்லா வண்டிகளை 2011ல் போலீஸ் பிடிக்க ஆரம்பித்தது.

பிரிட்டனின் 1983ம் ஆண்டு விதி இவற்றில் கொஞ்சம் வித்தியாசமானது. சாதாரண வண்டிக்கு இரண்டு பிரேக் வேண்டும். பின்சக்கரம் ஃபிக்ஸட் என்றால் முன் பிரேக் ஒன்றே போதும். அதாவது காலைச் சட்டம் ஒரு பிரேக்காக ஒப்புக்கொள்கிறது. ஆனால் அது ஒன்றே போதும் என்று ஒப்புக்கொள்ளவில்லை.

காரணம் எளிய இயற்பியல். வண்டி வேகம் குறையும்போது எடை முன்சக்கரத்துக்குப் பாயும், பின்சக்கரம் லேசாகிவிடும். லேசான சக்கரத்தை எத்தனை வலிமையான காலால் பூட்டினாலும் அது சறுக்கத்தான் செய்யும். பின்சக்கரத்தை மட்டும் நம்பினால், முன் பிரேக்கோடு ஒப்பிடும்போது பாதி அளவுக்குத்தான் வேகத்தைக் குறைக்க முடியும். வேகக் குறைப்பு பாதியானால் நிற்கும் தூரம் இரட்டிப்பாகும். செயின் அறுந்துவிட்டால்? அந்தப் பாதியும் இல்லை.

2016 பிப்ரவரியில் லண்டனின் ஓல்டு ஸ்ட்ரீட் அருகே, முன் பிரேக் இல்லாத மைதான வண்டியில் வந்த ஒரு இளைஞர், சாலையைக் கடந்த 44 வயதுப் பெண்மீது மோதினார். சத்தம் போட்டு எச்சரித்தார், வண்டியை நிறுத்த முடியவில்லை. தலையில் அடிபட்ட அந்தப் பெண் ஒரு வாரத்தில் இறந்துபோனார். இரண்டு குழந்தைகளின் தாய். இளைஞருக்கு அப்போது 18 வயது.

2017ல் வழக்கு விசாரணைக்கு வந்தபோது, முன் பிரேக் இருந்திருந்தால் நின்றிருக்குமா என்பதைச் சுற்றியே வாதம் நடந்தது. மரணம் விளைவித்த குற்றத்திலிருந்து ஜூரி அவரை விடுவித்தது. 1861ம் ஆண்டின் பழைய சட்டம் ஒன்றின்படி, கண்மூடித்தனமாக வண்டி ஓட்டிக் காயப்படுத்தியதற்காக 18 மாதத் தண்டனை கிடைத்தது. குதிரை வண்டிக் காலத்துச் சட்டம்! எலும்பு உலுக்கி பிறந்து வளர்ந்துகொண்டிருந்த அதே பத்தாண்டில் எழுதப்பட்டது. சைக்கிள் ஓட்டிகளுக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்ற குரல் அதன் பிறகு நாடாளுமன்றம் வரை போனது.

கணக்கு முடிகிறது

மைதானத்தில் பிரேக்கை எடுத்தபோது அதன் வேலையை எல்லா வீரர்களும் சமமாகப் பகிர்ந்துகொண்டார்கள். எல்லோருக்கும் விதி தெரியும், எல்லோரும் ஒப்புக்கொண்டுதான் உள்ளே வருகிறார்கள். மன்ஹாட்டன் தூதர் பிரேக்கை எடுத்தபோது அந்த வேலையில் பெரும்பகுதி அவருடைய முழங்காலுக்குப் போனது. பிழைப்புக்காக அவர் அதை ஏற்றுக்கொண்டார். மீதி யாருக்குப் போனது? சாலையைக் கடந்தவர்களுக்கு. அவர்களிடம் யாரும் கேட்கவே இல்லை. வணிகக் கணக்கில் லாபம் ஒருவருக்கும் செலவு மூன்றாம் மனிதருக்கும் போகும் இடங்களைப் பற்றிப் படிப்பார்கள். பிரேக்கில்லாத சைக்கிள் அதற்கு ஒரு நல்ல உதாரணம்.

ஃபிக்ஸட் கியர் மோகம் இன்று பெரும்பாலும் தணிந்துவிட்டது. ரெட் ஹூக் கிரிட் 2018க்குப் பிறகு நடக்கவில்லை. ஆனால் வண்டி சாகவில்லை. ஒலிம்பிக் மைதானத்தில் ஓடுகிறது, கெய்ரினில் ஓடுகிறது, பல நகரங்களில் இன்னமும் பழைய ஃபிரேமைத் தேய்த்து வண்ணம் பூசி யாரோ ஒருவர் தனக்கென்று ஒன்றைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். சாலையும் வண்டியும் காலும் ஒன்றாகிப்போகிற அந்த உணர்வு பொய்யில்லை. குளிர்காலம் முழுக்க ஃபிக்ஸட் வண்டியில் பயிற்சி எடுத்த பழைய ஆங்கிலேய கிளப் வீரர்கள் அதை நன்றாக அறிந்தவர்கள். சாலையில் ஓட்டிய அவர்கள் முன் பிரேக்கையும் வைத்துக்கொண்டார்கள்.

ஒரு முன் பிரேக்குக்கு வேண்டியது ஒரு கைப்பிடி, ஒரு வயர், இரண்டு ரப்பர் கட்டை. எடை சில நூறு கிராம். ஹேண்டில்பாரின் அழகு கொஞ்சம் குறையலாம். பழைய ஃபிரேமில் தனக்கென்று வண்டி கட்டுகிறவர்கள் கடைசியில் போட வேண்டிய பாகம் அதுதான்.